அவர் ஒப்புரவு பெற்றுவிட்டார். நான் வீடு திரும்பியே ஆக வேண்டுமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை ஒன்றுக்கு இரண்டு முறை நிதானமாகப் படித்தேன். உங்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, மற்ற வாசகர்களுக்கும் விளங்கும்படி அதன் சாரத்தை முதலில் எழுதிவிடுகிறேன்.

தூத்துக்குடிக் கடற்கரையைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம் உங்களுடையது. திருமணமாகி 16 ஆண்டுகள் ஆகின்றன. 14 வயதில் ஒரு மகளும் 9 வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். விசைப்படகில் வேலை செய்யும் கணவர், கரைக்கு வந்ததும் தம் பங்குப் பணத்தில் பெரும்பகுதியை டாஸ்மாக் கடையில் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் குடியை நிறுத்துவார். ஈஸ்டர் முடிந்ததும் தொடங்கிவிடுவார். பனிமய மாதா கோயில் கொடியேற்றத்தன்று பிள்ளைகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்ததும் நிலைக்கவில்லை. உங்கள் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. சென்ற ஆண்டு மகளின் கண்முன்னே உங்களை அடித்தபோது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். இந்த ஆண்டு தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று வழக்கம்போல் குடியை நிறுத்தியவருக்கு மூன்றாம் நாள் வலிப்பு வர, உடன் வேலை செய்பவர்கள் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். அங்கிருந்து வந்த பிறகு இன்றுவரை அவர் குடிக்கவில்லை. ஈஸ்டருக்கு முன் குருவிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை, அதாவது ஒப்புரவு) செய்து நன்மை (நற்கருணை) வாங்கினார். இப்போது உங்கள் தாய்வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, “கடவுளே என்னை மன்னித்துவிட்டார், நீ மன்னிக்க மாட்டாயா?” என்று கேட்கிறார். அன்பியம் என்ற அக்கம்பக்கத்து ஜெபக் குழுவின் சகோதரிகளும் இரு குடும்பத்துப் பெரியவர்களும் ‘எழுபது முறை ஏழு’ தடவை மன்னிக்கச் சொல்லும் வசனத்தைச் சொல்லி உங்களை அனுப்பிவைக்கத் துடிக்கிறார்கள். நீங்களோ, இயேசு கற்பித்த ஜெபத்தில் ‘எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பதுபோல’ என்ற வரி வரும்போது வாய் திறக்க முடியாமல் நின்றுவிடுகிறீர்கள். மன்னிக்காத மனத்தோடு நன்மை வாங்குவது பாவம் என்று கருதி, பூசைக்குப் போயும் வரிசையில் சேராமல் திரும்பி வருகிறீர்கள்.

நான் குடிநோயாளிகளின் குடும்பங்களோடு வேலை செய்யும் மனநல ஆலோசகர், அருள்பணியாளர் அல்லேன். உங்கள் கேள்வியில் மருத்துவமும் மறையும் பின்னிக் கிடப்பதால், மறை சார்ந்து நான் சொல்வதை உங்கள் பங்குத்தந்தையிடமும் காட்டிப் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்: அவரை மன்னிப்பதும் அவரோடு அதே வீட்டில் மீண்டும் குடியேறுவதும் இரண்டு தனித்தனி முடிவுகள். முதலாவது உங்கள் மனத்துக்கும் கடவுளுக்கும் இடையில் நடப்பது. அதற்கு அவர் திருந்தியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இரண்டாவது அவருடைய உடல்நிலை, நடத்தை, உங்களுடையதும் பிள்ளைகளுடையதுமான பாதுகாப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. அதை அவருடைய கண்ணீரையோ மற்றவர்களின் அவசரத்தையோ வைத்து முடிவு செய்யக் கூடாது.

அந்த வரியில் நாக்கு தடைபடுவதைப் பற்றி முதலில் பேசுவோம், ஏனென்றால் கடிதம் முழுவதிலும் உங்களை அதிகம் வதைப்பது அதுதான். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் அந்த மன்றாட்டுக்குத் தரும் விளக்கத்திலேயே (எண் 2843), இழைக்கப்பட்ட தீங்கை உணராமல் இருப்பதும் மறந்துவிடுவதும் மனிதருடைய ஆற்றலுக்கு உட்பட்டவை அல்ல என்று ஒப்புக்கொள்கிறது. காயப்பட்ட மனத்தைக் கடவுளிடம் ஒப்படைக்க முன்வருவதைத்தான் அது கேட்கிறது. அடி விழுந்த இரவை நினைத்தால் உடல் நடுங்குவதும், அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடைப்பதும், வன்முறைக்கு ஆளான எந்த உடலிலும் ஏற்படுகிற விளைவுகள். அவற்றை மன்னிக்காத மனத்தின் அடையாளமாக எண்ணி உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள். ‘அவர் கெட்டழிய வேண்டும் என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை, வலிப்பு வந்த அன்று விடிய விடிய ஜெபமாலை சொன்னேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எழுதிய கையால் ‘நான் மன்னிக்காத பாவி’ என்று எப்படி எழுத முடிந்தது? இந்தச் செய்தியையும் சேர்த்துப் பங்குத்தந்தையிடம் மனம் திறந்து சொல்லுங்கள். நற்கருணையிலிருந்து நீங்களே உங்களை விலக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

எழுபது முறை ஏழு என்ற வசனம் மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் 22ஆம் வசனமாக வருகிறது. உங்களிடம் அதைச் சொல்பவர்கள் அதே அதிகாரத்தின் 15ஆம் வசனத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினால் நன்றாக இருக்கும். உன் சகோதரன் உனக்கு எதிராகக் குற்றம் செய்தால் தனியாக இருக்கும்போது அதை அவனுக்கு எடுத்துக்காட்டு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போ, அப்போதும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்று இயேசு படிப்படியாகச் சொன்ன பிறகுதான் பேதுரு வந்து எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்று கேட்கிறார். லூக்கா 17ஆம் அதிகாரத்தின் தொடக்கத்திலும் இதே முறைதான்: கடிந்துகொள்வது முதலில் வருகிறது, மனம் மாறினால் மன்னிப்பது அடுத்து வருகிறது. ஆகவே தீங்கைத் தீங்கு என்று வாய்விட்டுச் சொல்வது மன்னிப்புக்கு எதிரானது அன்று. நற்செய்தியில் அது மன்னிப்புக்கு முந்திய படி. உங்கள் வீட்டில் அந்தப் படி ஒருமுறையும் நடந்ததாகத் தெரியவில்லை. குடித்த மறுநாள் அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார், நீங்கள் காப்பி போட்டுக் கொடுப்பீர்கள், படகு முதலாளிக்கு நீங்களே தொலைபேசியில் அழைத்துக் காய்ச்சல் என்று சொல்வீர்கள், அடிபட்ட கன்னத்துக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தது காரணமாகிவிடும். அன்பினால்தான் அப்படிச் செய்தீர்கள். என்னிடம் வரும் மனைவியரும் தாய்மாரும் அநேகமாக எல்லோரும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள், ஏனென்றால் மானம் போய்விடும் என்ற அச்சமும் கூலி போய்விடும் என்ற அச்சமும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் குடிநோய் வளர்வதற்கு வேண்டியது இந்த மூடிமறைப்புதான். விளைவுகள் எல்லாவற்றையும் மனைவி தாங்கிக்கொள்ளும் வீட்டில், தாம் நோயாளி என்பதைக் குடிப்பவர் உணர்வதற்கான காரணமே எழுவதில்லை. இனிமேல் அவருக்காக ஒரு பொய்யும் சொல்லாதீர்கள்.

‘கடவுளே மன்னித்துவிட்டார்’ என்று அவர் சொல்வதை நான் அலட்சியம் செய்யவில்லை. இத்தனை ஆண்டுகளில் முதல் முறையாகத் தம் குற்றத்தை ஒரு குருவின் முன்னால் சொல்லியிருக்கிறார் என்றால் அது பெரிய செயல். எனினும் ஒப்புரவு அருட்சாதனத்தில் மனத்துயர், பாவ அறிக்கை ஆகியவற்றோடு பரிகாரமும் ஒரு பகுதி என்பது சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் அவரும் படித்ததுதான். பாவமன்னிப்பு பாவத்தை நீக்கினாலும் அந்தப் பாவம் விளைவித்த சீர்கேடுகளை எல்லாம் அதுவே சரிசெய்துவிடுவதில்லை என்றும், பிறருக்கு விளைந்த தீங்கை ஈடுசெய்ய இயன்றதைச் செய்ய வேண்டும் என்றும் அதே மறைக்கல்வி நூல் (எண் 1459) சொல்கிறது. நற்செய்தியில் வரும் வரிவசூலிப்பவரான சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று சொன்னார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) என்ற அமைப்பு, 1935இல் அமெரிக்காவில் குடியிலிருந்து மீள விரும்பிய இருவர் சந்தித்ததிலிருந்து வளர்ந்தது. அதன் பன்னிரண்டு படிகளில் எட்டாவதும் ஒன்பதாவதும் இதையே கேட்கின்றன: தாம் தீங்கு செய்தவர்களைப் பட்டியல் எழுதிக்கொண்டு, முடிந்த இடத்தில் எல்லாம் நேரில் போய் ஈடுசெய்வது.

இங்கே அயர்லாந்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டப்ளின் நகரத்துக் கூலித்தொழிலாளி மாட் டால்பட் (1856–1925) சிறுவயதிலேயே குடிக்கு அடிமையானவர். குடிக்கக் காசில்லாதபோது தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஒருவரின் பிடிலையே திருடி விற்றவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1884இல், தம் 28ஆம் வயதில், முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் குடிக்க மாட்டேன் என்று உறுதி எடுத்தார். பிறகு அதை நீட்டி, கடைசியில் வாழ்நாள் முழுவதற்கும் ஆக்கிக்கொண்டார்; இறக்கும்வரை, ஏறத்தாழ 40 ஆண்டுகள், குடிக்கவே இல்லை. 1975இல் திருச்சபை அவரை, புனிதர் நிலைக்கான ஒரு படியாகிய, வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. ஜெபத்தின் வலிமைக்கு எடுத்துக்காட்டாக அவரைத்தான் சொல்வது வழக்கம், அது சரியே. ஆனால் அவர் ஜெபத்தோடு நிற்கவில்லை: பழைய கடன்களை ஒவ்வொன்றாக அடைத்தார், அந்தப் பிடில்காரரைத் தேடி அலைந்தார், மதுக்கடைக்குள் காலெடுத்து வைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சட்டைப்பையில் காசு வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார். உங்கள் கணவர் உண்மையிலேயே மனம் மாறியிருந்தால் அவருக்கு முன்னாலும் செய்ய வேண்டியவை இருக்கின்றன. அடகுக் கடையில் இருக்கும் சங்கிலியை மீட்பதற்கு வாரந்தோறும் ஒரு தொகை ஒதுக்குவது, படகில் வரும் பங்கு நேராக உங்கள் வங்கிக் கணக்குக்குப் போகும்படி முதலாளியிடம் அவரே சொல்லிவைப்பது, உங்களைச் சமாதானப்படுத்த வந்த அதே பெரியவர்கள் முன்னால் ‘நான் அடித்தேன், அவள் வழுக்கி விழவில்லை’ என்று சொல்வது. கடைசியாகச் சொன்னது மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமானது என்பதால், அதற்கு அவர் உடன்படுகிறாரா என்பதை நான் உற்றுக் கவனிப்பேன்.

இனி நோயைப் பற்றி. ‘நாற்பது நாள் அவரால் நிறுத்த முடிகிறது என்றால், நினைத்தால் எப்போதும் நிறுத்தலாம்தானே, எங்கள் மேல் அன்பில்லாததால்தானே குடிக்கிறார்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுத்துவதும் நிறுத்தியபடியே வாழ்வதும் ஒன்றல்ல. முடியும் நாள் தெரிந்த விரதத்தைக் குடிநோயாளியாலும் தாங்க முடியும், ஏனென்றால் மனம் உள்ளுக்குள் அந்த நாளை எண்ணிக்கொண்டே இருக்கிறது. சபரிமலைக்கு மாலை போட்டு 48 நாள் குடிக்காமல் இருந்து, மாலையைக் கழற்றிய அன்றே குடித்துவிடுகிறவர்களின் குடும்பங்களும் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கின்றன. நீண்ட நாள் குடியினால் மூளையில் ஏற்பட்ட மாற்றங்கள் சில வாரங்களில் சரியாகிவிடுவதில்லை. குடிப்பதற்கான வேட்கை, பழகிய கடையைப் பார்த்தாலும், பழகிய நண்பரைக் கண்டாலும், கையில் பணம் வந்தாலும் மாதங்கள் கழித்தும் கிளம்பும். இதனால் அவருடைய பொறுப்பு குறைந்துவிடாது. சர்க்கரை நோய் வந்தவர், நோய் வந்ததற்காகக் குற்றவாளி ஆகமாட்டார், ஆனால் மருந்து சாப்பிட வேண்டிய கடமை அவருடையதுதான்.

அவருக்கு வலிப்பு வந்ததைக் கடவுள் கொடுத்த தண்டனை என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தும்போது, கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு மனம் குழம்பி, இல்லாத உருவங்கள் தெரிந்து, காய்ச்சல் ஏறி, கவனிக்காவிட்டால் உயிரே போகும். மதுவின் அமுக்கத்துக்குப் பழகிவிட்ட நரம்புகள் அது திடீரென விலகியதும் கட்டுக்கடங்காமல் தூண்டப்படுவதுதான் காரணம்; இதில் சாபமும் இல்லை, தண்டனையும் இல்லை. மருத்துவமனையில் சில நாட்களுக்குக் குறைத்துக்கொண்டே வரும் மாத்திரைகளும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து இதைப் பத்திரமாகக் கடக்க வைப்பார்கள். எனவே அவர் மறுபடியும் குடித்து, மறுபடியும் நிறுத்த முடிவெடுத்தால், அது சாம்பல் புதனாக இருந்தாலும் சரி, வேறு எந்த நாளாக இருந்தாலும் சரி, வீட்டில் வைத்துக்கொண்டு ஜெபிக்காமல் முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். இதைப் படிக்கும் மற்ற குடும்பங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

எனக்கு உண்மையான கவலை தருவது வேறொன்று: வீடு திரும்பிய பிறகு, ‘இனி ஜெபமே போதும்’ என்று மாத்திரைகளை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனையில் கழிந்த நாட்கள் உடலிலிருந்து மதுவை வெளியேற்றியதோடு முடிந்தன. சிகிச்சை அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும். வேட்கையைக் குறைப்பதற்கு நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. எது அவருக்குப் பொருந்தும் என்பதை, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சோதித்துப் பார்த்து மனநல மருத்துவர் முடிவு செய்வார். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கே அவர் போகலாம். அவருடைய ஜெபத்தை நீங்கள் எதிர்க்க வேண்டியதில்லை. ஜெபிக்கிற மனிதர் தமக்கு வந்த நோய்க்கு மருந்தும் எடுத்துக்கொள்ளலாம் என்பதைப் பங்குத்தந்தை வாயிலாக அவர் கேட்டால், நீங்களோ நானோ சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம் இருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பொடியைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில்: வேண்டவே வேண்டாம், கழிவுத் தொட்டியில் கொட்டிவிடுங்கள். பெயரில்லாத அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடக்க வைக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்து உண்டு. நோயாளி முழுமையாகத் தெரிந்துகொண்டு, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்ள வேண்டியது அது. அதை அறியாமல் உட்கொண்டவர் மது குடித்தால் இரத்த அழுத்தம் வீழ்ந்து இறக்கவும் கூடும். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரையிலும்கூட இந்த ஆபத்து நீங்காது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், மனைவி தம் சோற்றில் எதையோ கலந்தாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்.

அப்படியானால் எப்போது திரும்புவது? நீங்கள் கடிதம் எழுதியிருக்கும் நேரத்தைப் பாருங்கள். ஈஸ்டர் முடிந்துவிட்டது, அதாவது, அவர் ஆண்டுதோறும் மறுபடி குடிக்கத் தொடங்கும் காலம் இது. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், கையில் வேலை இருக்காது, வலை பழுதுபார்க்கும் இடத்தில் பழைய கூட்டாளிகள் எல்லோரும் கூடியிருப்பார்கள். தடை முடிந்து படகு இறங்கியதும் முதல் சில வாரங்களில் மீன்பாடு நன்றாக இருந்து பணம் மொத்தமாக வரும். வெறுங்கையோடு இருக்கும் சும்மா நாட்களும் கை நிறையப் பணம் வரும் நாட்களும் அவருக்கு ஒன்றன்பின் ஒன்றாக வரப்போகின்றன. குடியில்லாமல் மூன்று மாதம் கடந்தால்தான் அதை மீட்சியின் தொடக்கநிலை என்றும், ஓராண்டு கடந்தால்தான் நிலைத்த மீட்சி என்றும் மனநல மருத்துவத்தில் கணக்கிடுவது வழக்கம். அவர் இன்னும் முதல் எல்லைக்கே வரவில்லை. ஆகவே தடைக்காலம் முடிந்து, படகு கடலுக்குப் போய், பணம் வந்து, அந்தப் பணத்தோடு அவர் டாஸ்மாக் கடையைத் தாண்டி நடந்த சில மாதங்களை நீங்கள் கண்ணால் பார்க்கும்வரை தாய்வீட்டிலேயே இருப்பது நல்லது என்பது என் கருத்து. அதுவரை வாரம் ஒரு முறை, பகல் நேரத்தில், உங்கள் அண்ணனோ அம்மாவோ உடனிருக்க அவர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஞாயிறு திருப்பலிக்குச் சேர்ந்து போகலாம். இடைப்பட்ட நாட்களில் மருத்துவரைத் தொடர்ந்து பார்க்கிறாரா, ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போகிறாரா, நீங்கள் ‘இப்போது வரமாட்டேன்’ என்று சொன்னதற்கு அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பவை அவருடைய வாய்ச்சொல்லைவிட உங்களுக்கு அதிகம் சொல்லும். காத்திருக்கச் சொன்னதற்கே கோபத்தில் கத்துகிறவர், ஊர்முன் உங்களை அவமானப்படுத்துகிறவர், இன்னும் மாறவில்லை. முகம் வாடினாலும் ‘சரி, நான் நடந்து காட்டுகிறேன்’ என்று திரும்பிப் போகிறவரிடம் நம்பிக்கை வைக்க இடம் இருக்கிறது.

இடையில் ஒருமுறை அவர் தவறிக் குடித்துவிடவும் கூடும். குடிநோயிலிருந்து மீள்பவர்களில் பலருக்கு அது நேர்கிறது. அதோடு எல்லாம் போயிற்று என்று பொருளல்ல. மறுநாளே அவர் உங்களிடமும் மருத்துவரிடமும் அதைச் சொன்னால் சிகிச்சை தொடர்கிறது என்று கொள்ளுங்கள். மறைத்தால், காத்திருக்கும் காலத்தை நீட்டியாக வேண்டும்.

அடித்ததைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் குடி நின்றால் கை ஓங்குவதும் தானாக நின்றுவிடும் என்று உங்கள் பெரியவர்கள் நினைக்கிறார்கள். பல வீடுகளில் அப்படி நிற்கிறது. சில வீடுகளில் நிற்பதில்லை. குடிக்காத நாட்களிலும் அவர் உங்களை மிரட்டியதுண்டா, செல்பேசியைப் பிடுங்கிப் பார்த்ததுண்டா, பிள்ளைகளைப் பணயமாக வைத்துப் பேசியதுண்டா என்று நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுக்காவது ஆம் என்பது பதிலானால், குடி நின்றது மட்டும் போதாது.

திருமணம் அருட்சாதனம், அதனால் பிரிந்திருப்பதே பாவம் என்று சொல்பவர்களுக்கு நீங்கள் பணிவாகவே பதில் சொல்லலாம். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுத் திருச்சட்டத் தொகுப்பு, 1153ஆம் சட்டத்தில், ஒருவர் தம் துணைக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவிலோ மனத்தளவிலோ பெரும் ஆபத்து விளைவிக்கும்போது மற்றவர் விலகி வாழ்வதற்கு அதுவே தக்க காரணம் என்கிறது. ஆபத்து உடனடியானதாக இருந்தால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் தாமே விலகலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்பத்தைப் பற்றி வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையிலும் (எண் 241), வன்முறை நிலவும் வீட்டில் பிரிந்திருப்பது சில வேளைகளில் அறநெறிப்படி தேவையானதாகவே ஆகிவிடுகிறது என்று எழுதினார். நீங்கள் மணமுறிவு கேட்கவில்லை. திருச்சபையே இடம் கொடுத்திருக்கும் பாதுகாப்பான தூரத்தில் நின்று கணவருக்காகக் காத்திருக்கிறீர்கள்.

நாட்டின் சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி, அந்த வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் வசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. அவர் உங்களை நெருங்கக் கூடாது என்றோ, அவரே வீட்டைவிட்டு வெளியே தங்க வேண்டும் என்றோ, பிள்ளைகளுக்குப் பணம் தர வேண்டும் என்றோ நீதித்துறை நடுவர் ஆணையிட முடியும். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுத்தால் போதும், விண்ணப்பத்தை அவரே தயாரிக்க உதவுவார். இன்றே போகச் சொல்லவில்லை. இந்தக் கதவு இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டு அவரோடு பேசுவதற்கும் தெரியாமல் பேசுவதற்கும் வேறுபாடு உண்டு.

மகளைப் பற்றி நீங்கள் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவிடம் அவள் பேச மறுக்கிறாள், பாட்டி அவளைத் திட்டி அப்பா காலில் விழச் சொல்கிறார் என்று. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். அந்தப் பெண் தன் தாய் அடிபடுவதைப் பார்த்தவள். பதினான்கு வயதில் அதைக் கண்ட பிள்ளையிடம், அப்பா அழுகிறார், அதனால் நீ மன்னித்துவிடு என்று சொன்னால், நாளை தன்னை அடிக்கும் ஒருவனின் கண்ணீரையும் அவள் அப்படியே ஏற்றுக்கொள்ளப் பழகிவிடுவாள். ஈடுசெய்ய வேண்டியவர் அவளுடைய அப்பா. அவர் அவளிடம் வந்து, ‘உன் அம்மாவை நான் அடித்தது தவறு, நீ பயந்தது நியாயம், நீ என்னோடு பேச எவ்வளவு நாள் ஆனாலும் நான் கோபப்பட மாட்டேன்’ என்று சொல்லட்டும். பதிலை எதிர்பார்க்காமல் போகட்டும். ‘அப்பா இன்று குடித்தாரா பார்த்துவிட்டு வா’ என்று அவளை உளவு பார்க்க அனுப்புவதும் கூடாது, உங்கள் அழுகையை எல்லாம் அவள் மடியில் கொட்டுவதும் கூடாது. அதற்கு உங்களுக்கென்று வேறு துணை வேண்டும். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951இல் தொடங்கப்பட்ட அல்-அனான் என்ற அமைப்பு தமிழ்நாட்டிலும் கூட்டங்கள் நடத்துகிறது. கட்டணம் இல்லை, பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. கணவர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நீங்கள் அங்கே போகலாம்.

அவரிடம் என்ன சொல்வது என்று திணறுகிறீர்கள். அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலை வேளையில், உங்கள் அண்ணனையும், முடிந்தால் பங்குத்தந்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் சொற்களில் இப்படிச் சொல்லலாம்: “நீங்கள் நாசமாகப் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் குணமாக வேண்டும் என்று தினமும் கேட்கிறேன். நீங்கள் செய்ததைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட முயன்றுகொண்டிருக்கிறேன், அதற்கு எனக்கு நாளாகும். ஆனால் மருத்துவரைப் பார்த்து, மருந்தைத் தொடர்ந்து, படகு இறங்கிய பிறகும் குடிக்காமல் இருந்து காட்டும்வரை நானும் பிள்ளைகளும் இங்கேதான் இருப்போம். இன்னொரு முறை கை ஓங்கினால் நான் காவல்துறையை அழைப்பேன்.” இதைச் சொல்லிவிட்டு வாதத்தில் இறங்காதீர்கள். கடைசி வாக்கியத்தைச் செய்ய மாட்டீர்கள் என்றால் சொல்லாதீர்கள், சொன்னால் செய்யுங்கள்.

பெண்களுக்கான உதவி எண் 181, இரவிலும் எடுப்பார்கள். மது, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. இதை அவரிடம் எழுதிக் கொடுத்து, அவரையே அழைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு உறக்கம் வராமல், உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைதூக்கினால் 14416இல் டெலி மனஸ் என்ற மனநல உதவிச் சேவையின் ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். கடிதத்தின் கடைசிப் பத்தியில் ‘எனக்குப் பிறகு பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்’ என்று எழுதிக் கோடு போட்டு அழித்திருக்கிறீர்கள். அழித்த பிறகும் அந்த வரியைப் படிக்க முடிந்தது. அப்படி ஒரு நினைவு இன்னும் இருக்குமானால் கணவரைப் பற்றிய எந்த முடிவுக்கும் முன்னால், இன்றைக்கே அந்த எண்ணை அழையுங்கள், உங்கள் அம்மாவிடமும் சொல்லுங்கள்.